இட்லி ஒன்றில் எத்தனை கிராம் மாவுச்சத்து? வீட்டுச் சமையலின் ஊட்டச்சத்தைக் கணக்கிடுவது எப்படி?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பதினொரு வயது. முதல் வகை நீரிழிவு இருப்பதாகச் சென்ற ஆண்டு கண்டறியப்பட்டது. ஒவ்வொரு வேளையும் அவள் உண்ணப்போகும் உணவில் எத்தனை கிராம் மாவுச்சத்து இருக்கிறதென்று பார்த்து, மருத்துவர் வகுத்துத் தந்த விகிதப்படி இன்சுலின் போட வேண்டியிருக்கிறது. இன்சுலின் அளவைப் பற்றி நான் இங்கே எதுவும் கேட்கவில்லை. அதை மருத்துவர் பார்த்துக்கொள்கிறார். எனக்கு விளங்காமல் இருப்பது அதற்கு முந்தைய படியாகிய சமையலறைக் கணக்குதான்.

கடையில் வாங்கும் பிஸ்கட்டின் உறையில் எல்லாம் அச்சிட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் அன்றாடம் உண்பதோ இட்லி, தோசை, சோறு, சாம்பார், சுண்டல், எப்போதாவது அடை. கைப்பேசிச் செயலி ஒன்றில் இட்லிக்கு 8 கிராம் என்றும், இன்னொன்றில் 12 என்றும், வேறொன்றில் 16 என்றும் போட்டிருக்கிறார்கள். அவர்கள் கணக்கிட்ட இட்லி எவ்வளவு பெரியது, அரிசிக்கு எத்தனை பங்கு உளுந்து போட்டார்கள் என்பதெல்லாம் எங்கும் சொல்லப்படவில்லை. நான்கு இட்லி சாப்பிட்டால் 32 கிராமா, 64 கிராமா என்ற அளவுக்கு வேறுபாடு வருகிறதென்றால் அந்த எண்ணை நம்பி ஊசி போட எனக்குத் துணிவு வரவில்லை.

என் மாமியார் எல்லாவற்றையும் கண்ணளவிலும் கையளவிலும் போட்டுச் சமைப்பவர். அவர் கைப்பக்குவத்தைக் குலைக்காமல், அதே சமயம் நம்பத்தக்க ஓர் எண்ணைப் பெறும் வழி இருக்கிறதா? பச்சைப் பொருளின் எடையை எடுப்பதா, வெந்த பண்டத்தின் எடையை எடுப்பதா? வேகும்போது சத்து குறையும் என்கிறார்களே, அதைக் கழிக்க வேண்டுமா? இதையெல்லாம் செய்து பழகியவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தராசு எழுதியது:

அம்மா, வணக்கம். கல்லூரியில் மனையியல் மாணவியருக்கு உணவுப் பகுப்பாய்வு கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன். பச்சைப் பொருளின் எடையா, வெந்த பண்டத்தின் எடையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டும். பானைக்குள் போனது எவ்வளவு என்பதைப் பச்சைப் பொருளின் எடை சொல்லும். தட்டுக்கு வந்தது அதில் எத்தனையில் ஒரு பங்கு என்பதை வெந்த பண்டத்தின் எடை சொல்லும். பெரும்பாலானோர் முதல் எடையை எடுத்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் நூறு கிராம் சோற்றுக்கு அரிசியின் கணக்கைப் போட்டு மும்மடங்கு தவறுவது சர்வசாதாரணமாக நடக்கிறது.

உங்கள் இட்லி மாவையே எடுத்துக்கொள்வோம். இட்லி அரிசி 800 கிராம், உளுத்தம்பருப்பு 200 கிராம் ஊறவைக்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். புழுங்கலரிசியில் நூற்றுக்கு ஏறத்தாழ 77 கிராமும், உளுத்தம்பருப்பில் 51 கிராமும் உடலில் செரித்துச் சேரும் மாவுச்சத்து உண்டு. ஆகவே அரிசியிலிருந்து 616, உளுந்திலிருந்து 102, மொத்தம் 718 கிராம். வெந்தயத்தை மறந்துவிடலாம். இப்போது அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்த மாவு முழுவதையும், பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட்டு, நிறுத்துப் பாருங்கள். அது 2,400 கிராம் இருந்தால் மாவின் நூறு கிராமில் 30 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஊறவைக்கும்போது அரிசி குடித்த நீர், அரைக்கும்போது தெளித்த நீர் எதையும் தனித்தனியே அளக்க வேண்டியதில்லை. அவையெல்லாம் அந்த 2,400க்குள் அடங்கிவிட்டன.

இட்லி ஊற்றும்போது மாவுப் பாத்திரத்தைத் தராசின் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டின் நான்கு குழிகளை நிரப்பிய பின் தராசு 220 கிராம் குறைந்து காட்டினால், குழிக்கு 55 கிராம் மாவு, அதாவது 16 அல்லது 17 கிராம் மாவுச்சத்து. இங்கே குழிக்குள் போன மாவின் எடையே இரண்டாவது எடையாகிவிடுகிறது. வெந்த இட்லியை நிறுக்கத் தேவையே இல்லை, ஏனென்றால் ஆவியில் நீர் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் மாவுச்சத்து அந்தக் குழியைவிட்டு எங்கும் போய்விடாது. நீங்கள் பார்த்த 8, 12, 16 ஆகிய எல்லாமே அந்தந்த இட்லிக்கு ஒருவேளை சரியாகவே இருக்கலாம். உங்கள் வீட்டு இட்லித்தட்டின் குழிக்கு என்ன என்பதை உங்கள் தராசுதான் சொல்ல முடியும்.

அடுத்தது, எந்த அட்டவணையிலிருந்து எண்ணை எடுப்பது என்பது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப்பொருள் அட்டவணையில் 528 உணவுப்பொருள்களின் பகுப்பாய்வு இருக்கிறது. நாட்டின் ஆறு பகுதிகளிலிருந்து மாதிரிகளைத் திரட்டிச் செய்தது அது. அதற்கு முன் நாங்கள் வகுப்பில் பயன்படுத்தியது, அதே நிறுவனத்திலிருந்து கோபாலனும் உடனாசிரியர்களும் 1971இல் வெளியிட்டுப் பல பதிப்புகள் கண்ட அட்டவணை. அதற்கும் முன்னோடி, அந்நிறுவனம் நம் குன்னூரில் இருந்த காலத்தில் அய்க்ராய்டு 1937இல் தொகுத்தது. பழையதையும் புதியதையும் கலந்து எடுத்துக் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மகளின் ஊசிக்கு இதுதான் மிக முக்கியமானது.

முழுக் கொண்டைக்கடலையை, அதாவது நாட்டுக் கறுப்புக் கடலையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய அட்டவணையில் அதன் மாவுச்சத்து நூறு கிராமுக்கு 60.9 கிராம்; 2017 அட்டவணையில் 39.6 கிராம். கடலை மாறிவிடவில்லை. நீர், புரதம், கொழுப்பு, சாம்பல் (எரித்த பின் எஞ்சும் தாதுக்கள்), நார் ஆகியவற்றை நூறிலிருந்து கழித்து எஞ்சுவதையே மாவுச்சத்து என்று இரண்டிலும் எழுதுகிறார்கள். ஆனால் பழைய முறையில் நார் என்று அளந்தது, அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைத்த பின் எஞ்சும் சக்கையை மட்டுமே, அது 3.9 கிராம்தான். இப்போது அளக்கும் மொத்த நார்ச்சத்தோ 25.2 கிராம். அந்த இருபத்தொரு கிராம் வித்தியாசம் முன்பு மாவுச்சத்தின் கணக்கில் ஒளிந்துகொண்டிருந்தது. இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணையில் மாவுச்சத்து நாரையும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது, ஆகவே அங்கிருந்து எடுத்தால் நாரைக் கழிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் நம் 2017 அட்டவணையின் 39.6இலிருந்தும் 25.2ஐ யாரேனும் கழித்தால் 14.4 என்று வரும். ஒரே கடலைக்கு 61, 40, 14 என்று மூன்று விடைகள்! சுண்டலுக்கு இன்சுலின் போடுபவருக்கு இவற்றில் 40 மட்டுமே பயன்படும்.

அரிசியில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது, ஏனெனில் தீட்டிய அரிசியில் நார் குறைவு. கோதுமை மாவில் 69.4க்கும் 64.2க்கும் இடைப்பட்ட வேறுபாடு. கேழ்வரகில் 72க்கும் 66.8க்கும் இடைப்பட்டது; உளுந்தில் 59.6க்கும் 51க்கும் இடைப்பட்டது. செயலிகள் எந்த அட்டவணையிலிருந்து எடுத்தன என்று பெரும்பாலும் சொல்வதில்லை. ஆகவே ஒரே ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு அதிலிருந்து மாறாமல் இருங்கள். என் பரிந்துரை 2017 அட்டவணை. அதில் ஆற்றல் கிலோஜூலில் கொடுக்கப்பட்டிருக்கும். கலோரி வேண்டுமானால் 4.184ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் இப்போது உங்களுக்கு அது தேவைப்படாது.

வேகும்போது சத்து குறையுமா என்ற கேள்விக்கு, எந்தச் சத்து என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. சூட்டில் அழிவது வேறு, நீரோடு வெளியேறுவது வேறு. வைட்டமின் சி, தயமின் போன்றவை சூட்டிலும் அழியும், நீரிலும் கரைந்து போகும். அவற்றைக் கணக்கிடச் சமைத்த பின் எத்தனை விழுக்காடு எஞ்சும் என்ற தனிப் பட்டியல்களைப் பயன்படுத்துவோம். பொட்டாசியம் போன்ற தாதுக்கள் அழிவதில்லை, வடித்துக் கொட்டும் நீரோடு மட்டுமே போகும். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றும் வீட்டுச் சமையலில் கணக்கில் எடுக்கும் அளவுக்கு எங்கும் மறைவதில்லை. எதையும் வடிக்காதவரை, போட்டது அப்படியே பானைக்குள் இருக்கும். மாவு புளிக்கும்போது நுண்ணுயிர்கள் சிறிதளவு சர்க்கரையைத் தின்னும் என்பது உண்மைதான், ஆனால் அது உங்கள் கரண்டி அளவின் பிழையைவிடச் சிறியது.

சாம்பாருக்கும் இதே முறைதான். துவரம்பருப்பு 150 கிராம் என்றால் 83 கிராம் மாவுச்சத்து. சின்ன வெங்காயம், தக்காளி, முருங்கைக்காய் எல்லாம் சேர்ந்து இருபதுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். எலுமிச்சை அளவுப் புளியில் உள்ளது முழுவதும் கரைந்து வந்ததாகவே கொண்டாலும் பதின்மூன்றைத் தாண்டாது. ஆக, இரண்டு கிலோ சாம்பாரில் 120 கிராம் என்று வைத்தால் ஒரு பெரிய கரண்டிக்கு, அதாவது நூறு கிராமுக்கு, ஆறு கிராம். ஆனால் அடிவரை கலக்கி எடுத்தால்தான் இந்த எண் பொருந்தும். குழந்தைகள் பலர் மேலே தெளிந்து நிற்பதை மட்டும் ஊற்றிக்கொள்வார்கள். அதில் பருப்பு மிகக் குறைவு. ரசம், கீரை, அவரை, புடலை, கத்தரி இவற்றையெல்லாம் கணக்கிட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். உருளை, வாழைக்காய், சேனை, சேம்பு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி வந்தால் மட்டும் தோலை நீக்கிவிட்டு நிறுங்கள். அட்டவணை எண்கள் எல்லாம் உண்ணும் பகுதிக்கு உரியவை.

பினாங்குவாசி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். என் மகனுக்கும் இதே நோய். அவன் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். தராசு அம்மா சொன்ன முறையைத்தான் நாங்களும் பின்பற்றுகிறோம். எனவே முறையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, அதை அன்றாடம் சலிப்பில்லாமல் செய்வதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதல் தொல்லை பாத்திரத்தின் எடை. குழம்பு கொதிக்கும் சட்டியின் எடை தெரியாமல் அதைத் தராசில் வைத்து என்ன பயன்? நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்பது வழக்கமல்லவா? என் மனைவி ஊருக்குப் போயிருந்தபோது பாத்திரக் கடையில் பெயர் வெட்டுபவரிடம் கொடுத்து, ஒவ்வொன்றிலும் தாத்தா பெயருக்குக் கீழே அதன் எடையையும் கிராமில் வெட்டி வாங்கி வந்துவிட்டாள். கடைக்காரர் விசித்திரமாகப் பார்த்தாராம். இப்போது சட்டியைத் தூக்கித் தராசில் வைத்து, வெட்டியிருக்கும் எண்ணைக் கழித்தால் முடிந்தது. ஐந்து கிலோ வரை தாங்கும், ஒரு கிராம் வரை காட்டும் மின்தராசு போதுமானது.

உங்கள் மாமியாரைத் தராசுப் பக்கம் இழுக்க வேண்டாம் என்பது என் அனுபவம். அவர் அரிசியை ஆழாக்கில் அளக்கிறார் என்றால் அந்த ஆழாக்கைத் தலைதட்டி ஒருமுறை நிறுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூம்பாகக் குவித்து அளப்பவர் என்றால் அவர் குவித்ததையே சிலமுறை நிறுத்துச் சராசரி எடுங்கள். அரிசிக்கும் பருப்புக்கும் தனித்தனியே நிறுக்க வேண்டும், ஏனென்றால் ஒரே ஆழாக்கில் இரண்டும் ஒரே எடை நிற்காது. கையளவாகப் போடும் உப்பு, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை, கடுகு எதையும் தொடவே வேண்டாம். மாவுச்சத்துக் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை. தேங்காய்கூட அப்படித்தான், அதில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பும் நாரும். வெல்லமும் சர்க்கரையும் போட்டால் மட்டும் கண்டிப்பாக நிறுக்க வேண்டும்.

இங்கே வெளியில் உண்பது அதிகம். மலேசியாவின் உணவு அட்டவணையிலும் சிங்கப்பூர்ச் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தரவுத்தளத்திலும் ரொட்டி சானாய், நாசி லெமாக் போன்ற சமைத்த பண்டங்களின் எண்களே இருக்கின்றன, தோசையும் உண்டு. கடை உணவுக்கு அவற்றைப் பயன்படுத்துகிறோம், வீட்டு உணவுக்கு ஒருபோதும் பயன்படுத்துவதில்லை.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்லிவைக்கிறேன். மாவுச்சத்தின் எடை சரியாக வந்தாலும் அது இரத்தத்தில் ஏறும் வேகத்தை இந்தக் கணக்கு சொல்லாது. 40 கிராம் மாவுச்சத்து இட்லியில் வந்தால் ஒரு விதம், எண்ணெயில் தோய்ந்த பரோட்டாவில் வந்தால் இன்னொரு விதம். கொழுப்பு மிகுந்த உணவில் சர்க்கரை தாமதமாக ஏறி நெடுநேரம் நிற்கும். ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு விரைவாக ஏற்றும் என்பதைக் காட்டும் கிளைசெமிக் குறியீடு என்பதும் சமையல் குறிப்பிலிருந்து கூட்டிப் பெறும் எண் அல்ல, மனிதர்களுக்கு உண்ணக்கொடுத்து இரத்தத்தில் அளந்து பெறுவது. "இந்த அடையின் கிளைசெமிக் குறியீடு 48" என்று செயலி காட்டினால் நான் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. அடை உண்ட பின் என் மகனின் சர்க்கரை எப்படிப் போகிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி அவனுடைய மருத்துவரிடம் காட்டுகிறேன்.

முறுக்குச்சட்டி எழுதியது:

இந்த இழையைப் படித்தபோது என் ஐயத்தையும் இங்கேயே கேட்கலாம் என்று தோன்றியது. கேள்வியின் நோக்கம் வேறு என்றாலும் கணக்கு ஒன்றுதான். நான் காரைக்குடிப் பக்கம் வீட்டிலேயே முறுக்குச் சுட்டு, தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவருகிறேன். வாங்குபவர்களில் சிலர் நூறு கிராமில் எத்தனை கலோரி என்று கேட்கிறார்கள். மாவின் கணக்கை எளிதாகப் போட்டுவிட்டேன். ஆனால் இரண்டு லிட்டர் எண்ணெயைச் சட்டியில் ஊற்றுகிறேன், அதில் முறுக்குக்குள் போனது எவ்வளவு என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கலோரியில் பெரும்பகுதி அங்கேதானே இருக்கிறது?

தராசு எழுதியது:

முறுக்குச்சட்டி அவர்களுக்கு: அங்கேதான் இருக்கிறது. எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி. செக்கெண்ணெய் என்றாலும் நெய் என்றாலும் இதில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. எண்ணெயை லிட்டரில் கணக்கிடாதீர்கள், ஒரு லிட்டர் ஏறத்தாழ 910 முதல் 920 கிராம்தான். ஊற்றுவதற்கு முன் நிறுத்து, சுட்டு முடித்து ஆறிய பின் கசடை வடிகட்டி மறுபடி நிறுத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். முறுக்கை வடியவைத்த தட்டில் தேங்கிய எண்ணெயையும் மீந்த எண்ணெயோடு சேர்க்க மறக்கக் கூடாது.

இதைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. எண்ணெயில் வேகும்போது நடப்பது ஒரு கொடுக்கல் வாங்கல்: மாவிலிருந்த நீர் ஆவியாக வெளியேறுகிறது, எண்ணெய் உள்ளே நுழைகிறது. பிசைவதற்கு முன்பே ஒரு கிலோ மாவில் பத்துப் பன்னிரண்டு விழுக்காடு ஈரம் இருக்கும், ஆகவே காய்ந்த சரக்கு ஏறத்தாழ 890 கிராம். பிசையும்போது சேர்த்த வெண்ணெய் 50 கிராம். மொறுமொறுப்பான முறுக்கில் எஞ்சும் ஈரம் மிகச் சொற்பம், முப்பது கிராம் என்று வைத்துக்கொள்வோம். சுட்ட முறுக்கு மொத்தம் 1,350 கிராம் நிற்கிறது என்றால் 890, 50, 30 ஆகியவற்றைக் கழித்து மீதமுள்ள 380 கிராமும் எண்ணெய்தான். சட்டியிலிருந்து 410 கிராம் குறைந்திருந்தால் இடையிலுள்ள 30 கிராம் கரண்டியிலும் சல்லடையிலும் அடுப்பைச் சுற்றிலும் இருக்கிறது. இரண்டுக்கும் நெடுந்தூரம் இருந்தால் எங்கோ நிறுத்தது பிசகியிருக்கிறது என்று பொருள்.

தெரிந்தவர்கள் கேட்டால் சொல்ல இது தாராளமாகப் போதும். பொட்டலம் போட்டு, உறையில் அச்சிட்டுக் கடைக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் நிலைமை வேறு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி ஆற்றலோடு புரதம், மாவுச்சத்து, மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை, கொழுப்பு, அதில் நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, சோடியம் என்றெல்லாம் வரிசையாகத் தர வேண்டும். பலமுறை காய்ந்த எண்ணெயில் என்ன உருவாகியிருக்கிறது என்பதை அட்டவணையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்நிலையில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒரு மாதிரியைக் கொடுத்துவிடுவதே நல்லது.

காவிரிக்கரை எழுதியது:

இத்தனை பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இட்லிக் கணக்கை அப்படியே செய்து பார்த்தேன். எங்கள் குழிக்கு 14 கிராம் வருகிறது. கொண்டைக்கடலையைப் பற்றிப் படித்ததும் சற்றுப் பதறிவிட்டேன், ஏனென்றால் எங்கள் செயலி அதற்கு அறுபதுக்கு மேல்தான் காட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னும் மூன்று இடங்களில் நிற்கிறேன். இட்லிக்குப் பிறகு மீந்த மாவில் நீர் விட்டுக் கரைத்துத் தோசை ஊற்றுகிறோம். முறுகலாக வந்த தோசை மெத்தென்று வந்ததைவிட மிகவும் இலேசாக இருக்கிறது, எதன் எடையைக் கொள்வது? இரண்டாவது, எங்கள் வீட்டில் குக்கரில் சோறு வைப்பதில்லை, உலையில் போட்டுக் கஞ்சியை வடிக்கிறோம். "எதையும் வடிக்காதவரை" என்று தாங்கள் எழுதியது இங்கே இடிக்கிறது. மூன்றாவது, கோடையில் மகள் பழைய சோறு கேட்கிறாள்.

தராசு எழுதியது:

அம்மா, தோசையை நிறுக்கவே நிறுக்காதீர்கள். முறுகல் தோசை நீரை இழந்திருக்கிறது, மாவுச்சத்தை இழக்கவில்லை. 1,200 கிராம் மாவு மீந்திருந்தால், நூற்றுக்கு 30 என்ற கணக்கில், அதில் 360 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. 200 கிராம் நீர் விட்டால் மொத்தம் 1,400. நூறு கிராம் தோசைமாவுக்கு ஏறத்தாழ 26. கல்லில் 70 கிராம் ஊற்றினால் அந்தத் தோசைக்கு 18. இட்லிக்குச் சொன்னது போலவே மாவுப் பாத்திரம் தராசில் இருக்கட்டும். உங்கள் மாவின் எண் என்னுடைய 30 அல்ல என்பதால், 1,200க்கு உரிய மாவுச்சத்தை உங்கள் எண்ணிலிருந்தே எடுங்கள். சப்பாத்திக்கும் இப்படியே, பிசைந்த மாவின் மொத்த எடையை அதில் போன கோதுமை மாவின் எடையோடு ஒப்பிட்டு, உருண்டையை நிறுத்தால் போதும். சுட்ட சப்பாத்தியின் எடை ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாக இருக்கும்.

வடித்த சோற்றைப் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அரிசி 300 கிராம் என்றால் உள்ளே போனது 231 கிராம் மாவுச்சத்து. அதில் ஒரு பகுதி கஞ்சியோடு போய்விடுகிறது. எவ்வளவு என்பது அரிசி பச்சையா புழுங்கலா, புதிதா பழையதா, எவ்வளவு நேரம் கொதித்தது, எவ்வளவு நீர் வைத்தீர்கள் என்பதையெல்லாம் பொறுத்தது. அதை அறிய ஆய்வகம் வேண்டாம். வடித்த கஞ்சி முழுவதையும் நிறுத்துவிட்டு, நன்றாகக் கலக்கி அதில் நூறு கிராமை மட்டும் அகலமான தட்டில் மெல்லியதாக ஊற்றி, உப்புச் சேர்க்காமல், எடை மேலும் குறையாத வரை வெயிலில் காயவிடுங்கள். தட்டில் ஒட்டியிருக்கும் பொருக்கு ஏறத்தாழ முழுவதும் மாவுச்சத்தே. தட்டு இலேசானதாக இருக்கட்டும், இங்கே ஒரு கிராம் தவறினாலும் பெருகிவிடும். அரை கிராம் வரை காட்டும் தராசு கிடைத்தால் இன்னும் நல்லது. நூறு கிராம் கஞ்சியில் ஒன்றரை கிராம் கிடைத்து, மொத்தக் கஞ்சி ஒரு கிலோ என்றால் போனது 15 கிராம். 231இலிருந்து அதைக் கழித்து வரும் 216ஐ, வடித்த சோற்றின் மொத்த எடையால் வகுங்கள். ஒரே கடையில் ஒரே அரிசியை வாங்கும்வரை இதை மீண்டும் செய்ய வேண்டியதில்லை.

பொதுவாகச் சமையல் கணக்கில் இவ்வளவு சிறிய வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்வேன். உங்கள் நிலையில் விடச் சொல்லாததற்குக் காரணம், பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான். கஞ்சியோடு போனதைக் கழிக்காவிட்டால் இருப்பதைவிடக் கூடுதலாக மாவுச்சத்து இருப்பதாகக் கொண்டு கூடுதலாக இன்சுலின் போடுவீர்கள். சர்க்கரை தாழ்ந்துபோவது அந்தப் பக்கத்தில்தான். கொண்டைக்கடலைக்கு அறுபது என்று கொள்வதும் அதே பக்கத்துப் பிழை. இதுவரை செயலி காட்டிய எண்ணைக் கொண்டே மருத்துவர் விகிதத்தைச் சரிசெய்து வந்திருப்பார் என்பதால், எண்களை மாற்றப்போகிறீர்கள் என்பதை அவரிடமோ உணவியல் நிபுணரிடமோ முன்னதாகவே சொல்லிவிடுங்கள். எல்லா எண்களையும் முழு எண்ணாகவே எழுதுங்கள். அரிசிக்கு அரிசி ஈரமும் இரகமும் மாறும்போது தசமப் புள்ளிக்குப் பின்னால் எழுதுவதெல்லாம் வெறும் அலங்காரம்.

பழைய சோற்றுக்கு இரவே, நீர் ஊற்றுவதற்கு முன், அவளுடைய பங்கைத் தனிக் கிண்ணத்தில் நிறுத்து எடுத்துவையுங்கள். 150 கிராம் சோறு என்று இரவில் குறித்துவைத்தால், காலையில் அது நீரைக் குடித்து ஊதி எத்தனை கிராம் நின்றாலும் கணக்கு அந்த 150க்குத்தான். ஊறும்போது சோற்றிலிருந்து சிறிதளவு நீராகாரத்துக்குள் இறங்கியிருக்கும். அவள் அதையும் குடித்துவிடுகிறாள் என்றால் முழுக் கணக்கு. சோற்றை மட்டும் பிழிந்து உண்டு நீரை மீதம் வைக்கும் பழக்கம் உள்ளவள் என்றால் கஞ்சிக்குச் சொன்ன வெயில் சோதனையையே அந்த நீருக்கும் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். தயிர் ஊற்றினால் தயிரில் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து கிராம் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயத்துக்கு, அவள் கைப்பிடி கைப்பிடியாகக் கடிப்பவளாக இல்லாதவரை, எதுவும் சேர்க்க வேண்டாம்.